திருவிழா மேடையில் ஒரு டெட்ராய்ட் விரல்

கேள்வி இதுதான்: “பீட்டில்ஸ், பாப் டிலன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மைக்கேல் ஜாக்சன் என்று இன்னமும் பெரிதாகப் பேசுகிறார்கள். எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அவர்கள் பாட்டை யார் கேட்கிறார்கள்? நான் கேட்டே இராத பாட்டு, நான் கேட்கிற பாட்டை எப்படிப் பாதிக்கும்? பாதித்தது உண்மை என்றால், எதிலிருந்து கேட்டுப் பார்க்கலாம்?”

தம்பி, நானும் காரைக்குடிதான். 22 வருஷமாக இந்தப் பக்கத்து இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா, குன்றக்குடிப் பக்கத்துக் கிராமங்கள், கல்யாண வீடுகள் என்று எத்தனையோ மேடை ஏறியாகிவிட்டது. அந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஹெண்ட்ரிக்ஸ் பெயரைச் சொன்னால் பத்துப் பேருக்குத் தெரிந்தாலே அதிகம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையில் இருப்பதைப் பாருங்கள். டிரம் செட், ரிதம் பேட், கீபோர்டு, லீட் கிட்டார், என் பேஸ். இந்த ஐந்தையும் இறக்கி வைத்துவிட்டு நாங்கள் பாடுகிற பாட்டுகளில் பாதியைப் பாட முடியாது. அந்த வாத்தியங்களை இப்படித்தான் வாசிப்பது என்று கைக்குப் பழக்கியவர்கள் நீங்கள் சொன்ன ஆட்களும் அவர்களோடு இருந்தவர்களும்தான். அவர்களுடைய மெட்டு நமக்கு வந்தது கொஞ்சம். கைப்பழக்கம்தான் ஏராளமாக வந்தது. கை வழியாக வருவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பழைய பாட்டுகளில் அடித்தளத்துச் சத்தம் கொடுத்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும், நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், பக்கத்தில் டிரம் அடித்தால் அது என்ன சொல்கிறது என்றே கேட்காது. 1951ல் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் அதைக் கிட்டார் அளவுக்குச் சுருக்கி, வீணைக்கு இருப்பதுபோல விரல் வைக்கிற மெட்டுக்கட்டைகள் வைத்து, மின்சாரத்தில் பேசுகிற வாத்தியமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் வாத்தியம் மாறினாலும் வேலை மாறவில்லை. ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, வந்தால் அதன் அடி ஸ்வரத்தைத் தட்டுவது, அடுத்த கார்டுக்குப் போவது, அவ்வளவுதான்.

அதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வாசித்த ஆள். வலதுகையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டுவார். அந்த ஒற்றை விரலால் பேஸை ஓட விட்டார், நிற்க விட்டார், பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் நுழைந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வர விட்டார். அறுபதுகளில் அமெரிக்கா முழுக்க அவர் வாசிப்புக்கு ஆடியது. இசைத்தட்டு உறையில் மட்டும் 1971 வரை அவர் பெயர் அச்சாகவில்லை. அந்தத் தட்டுகள் கடல் கடந்து லிவர்பூலுக்குப் போயின. அங்கே பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கேட்டார், தன் பேஸையும் பாட வைத்தார், ஜேமர்சனிடமிருந்து கற்றதாகப் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். மெக்கார்ட்னி வாசித்ததை உலகமே கேட்டது. அதன் பிறகு பேஸ் வாசிக்கிறவன் வெறும் அடி ஸ்வரத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பது எல்லா ஊருக்கும் பொதுவாகிவிட்டது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். 1976ல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவைக் கொண்டுவந்து நிறுத்திய பஞ்சு அருணாசலம் நம் சிறுகூடல்பட்டிக்காரர். ராஜா சார் பாட்டில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அவர் அதை ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கொடுக்கிறவர். அந்த எழுத்துக்குப் பின்னால் பாக் போன்ற ஐரோப்பிய மேதைகளிடம் அவர் கற்ற பாடம் இருக்கிறது, நம் ராகம் இருக்கிறது, முழுக்க அவருடைய சொந்த மூளை இருக்கிறது. ஜேமர்சனைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேஸ் கிட்டார் என்கிற அந்தக் கட்டையில் இப்படியெல்லாம் ஓடலாம், அதைக் கேட்கிற ஜனங்கள் ரசிப்பார்கள் என்ற கதவு அவருக்கு முன்பே திறந்து கிடந்தது. திறந்தது அந்த டெட்ராய்ட் விரல். நான் குன்றக்குடிப் பக்கத்தில் ஒரு ராஜா பாட்டு வாசிக்கும்போது என் விரலுக்குப் பின்னால் அவர் விரல் இருக்கிறது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் கையில் உணர்கிறேன்.

அப்புறம் சத்தம். இதைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறது. வாசிக்க வந்த புதிதில், ஒரு கிராமத்துத் திருவிழாவில், வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் பாக்ஸில் கோன் பேப்பர் கிழிந்திருந்தது. நடு ராத்திரி, பாட்டு பாதி. லீட் கிட்டார் வாசித்த அண்ணனுக்குக் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, தகரத்தை இழுப்பதுபோல. மைக் செட்காரர் ஓடி வந்து வால்யூமைக் குறைத்தார். அண்ணன் கண் கலங்கிப் போனார். ஆனால் முன் வரிசையில் இருந்த பையன்கள் எழுந்து நின்று “அந்த சவுண்டை இன்னொரு வாட்டி வைங்கண்ணே” என்று கத்தினார்கள்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, 1964ல் லண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் கோன் பேப்பரை வேண்டுமென்றே பிளேடால் கீறி, இதே கரகரப்பை வரவழைத்துப் பாட்டுப் பதிவு செய்தார் என்று. அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதல் இடத்துக்குப் போனது. மைக் செட் வேலையில் பழுது என்று ஒதுக்கியது ஒரு வாத்தியத்தின் குரலாக மாறியது. ஹெண்ட்ரிக்ஸ் அதை இன்னும் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனார். ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கைக் காட்டினால் ‘கூ’ என்று கூவுமே, கச்சேரியில் எல்லாரும் காதைப் பொத்துவார்களே, கிட்டாரும் அப்படிக் கூவும். அந்தக் கூவலை அவர் பிடித்து, வளைத்து, சுருதியில் நிறுத்தினார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தை அந்தக் கூவலோடு வாசித்தபோது குண்டு விழுவதும் அலறலும் கேட்டன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு வார்த்தை பாடவில்லை. 1966ல் லண்டன் வந்தார், 1970ல் 27 வயதில் இறந்துபோனார். இடையில் நாலு வருஷம்தான். அதற்குப் பிறகு கிட்டார் எடுத்த யாரும் அவருக்கு முன்னால் வாசித்ததுபோல வாசிக்க முடியவில்லை. இன்று சினிமாவில் ஹீரோ நடந்து வருகிற காட்சியில் உறுமுகிறதே ஒரு கிட்டார், அது யாருடைய பேரப்பிள்ளை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாட்டின் நீளத்தையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பர்மா, மலேயாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த கிராமபோனும் கனத்த தட்டுகளும் இருந்தன. ஏவி.எம். செட்டியார் காரைக்குடியில் அப்பாவின் கடையில் தட்டு விற்றுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார். பிறகு சரஸ்வதி ஸ்டோர்ஸ், அப்புறம் சினிமா. 1947ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தை நம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் எடுத்தார். அந்த 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். உலகம் முழுக்க ஒரு பாட்டு மூன்று நிமிடம் என்று ஆனதற்குக் காரணம் இந்தத் தட்டுதான், கலை அல்ல. நீளமான தட்டு 1948லேயே வந்துவிட்டாலும் வானொலியும் வியாபாரமும் மூன்று நிமிடத்தை விடவில்லை. 1965ல் பாப் டிலன் ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டைக் கொடுத்து அதை ஜெயிக்க வைத்தார். பத்து வருஷம் கழித்து குவீன் குழு ஒரே பாட்டுக்குள் ஆபரா என்கிற ஐரோப்பிய இசை நாடகப் பாணியையும் ராக்கையும் அடைத்துக் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓட விட்டது. (அதை எழுதிய ஃபிரெட்டி மெர்குரி பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிக்கூடம் படித்தவர்.)

பாட்டு எங்கே பிறக்கிறது என்பதையும் அவர்கள் மாற்றினார்கள். பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டில் 14 பாட்டு. அதில் 10 பாட்டை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பாடி முடித்தார்கள். மேடையில் பாடுகிறதை அப்படியே பிடித்த மாதிரி. 1966 ஆகஸ்டோடு மேடைக் கச்சேரியையே நிறுத்திவிட்டார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. பிறகு ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஒரு தட்டைச் செய்தார்கள். கையில் இருந்தது நாலு டிராக் மெஷின், அதாவது ஒரே டேப்பில் நாலு தனித்தனி வரிசையாகச் சத்தத்தைப் பதிகிற கருவி. நாலும் நிறைந்ததும் அதை ஒன்றாகக் கலந்து இன்னொரு மெஷினில் ஏற்றி, காலியான டிராக்குகளில் மேலும் வாசித்து, இப்படி அடுக்கடுக்காகக் கட்டினார்கள். டேப்பைத் துண்டு போட்டு வளையமாக ஒட்டி ஓட விட்டார்கள். அதுவரை ஸ்டூடியோ என்பது பாட்டைப் பிடித்து வைக்கிற பெட்டி. அவர்களும் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அந்தப் பெட்டியையே வாசித்தார்கள்.

எம்.எஸ்.வி. காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. அந்த உயிரோட்டத்துக்கு ஈடு கிடையாது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ரஹ்மானோ சென்னையில் ராக் குழுக்களில் வாசித்து வளர்ந்தவர். வீட்டோடு சேர்ந்த தன் சொந்த ஸ்டூடியோவில் ஒரு சத்தத்தின் மேல் இன்னொரு சத்தமாக அடுக்கினார், பாடகரை ராத்திரியில் தனியாக வரவழைத்துப் பாட வைத்தார். 1992ல் ‘ரோஜா’ வந்தபோது எங்கள் தெருவில் பெரியவர்கள்கூட “இது என்ன சத்தம், எங்கேயிருந்து வருது?” என்று நின்று கேட்டார்கள். அந்த வேலைமுறையின் மூலத்தைத் தேடிப் போனால் லண்டனில் நாலு டிராக் மெஷினோடு மல்லுக்கட்டிய நாலு பேரிடம்தான் போய் நிற்போம்.

எல்லாமே அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு வரிகளில் டிலன் செய்த புரட்சியைப் பெரிதாகச் சொல்வார்கள், 2016ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். காதலித்தேன், கண்ணீர் விட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலப் பாட்டுக்குள் கவிதையும் நியாய அநியாயமும் நுழைந்தது அங்கே பெரிய விஷயம். நமக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் அதற்கு முன்பே வாழ்வையும் சாவையும் டீக்கடை ரேடியோவில் பாட வைத்துவிட்டார். நம்மிடம் வராமல் போனது இன்னொன்று: தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற குழு. அறுபதுகளிலேயே அங்கே அது வழக்கமாகிவிட்டது. நமக்கு இசையமைப்பாளர் ஒருவர், கவிஞர் ஒருவர், பாடகர் ஒருவர் என்ற சினிமா ஏற்பாடே போதுமாக இருந்தது. 2018ல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரிக் குழு மேடையேறி, பறையும் கானாவும் கிட்டாரும் சேர்ந்து சொந்தக் கோபத்தைப் பாடியபோதுதான் அந்த வடிவம் தமிழில் முழு பலத்தோடு நின்றதாக நான் நினைக்கிறேன்.

மைக்கேல் ஜாக்சனைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. பாட்டு என்பது பார்க்கிற பொருளும்தான் என்று ஆக்கியவர். பிரபுதேவாவைப் பார்த்தால் போதும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ‘பிரேக் டான்ஸ்’ ஆடாத ஊர் இந்தப் பக்கத்தில் எது?

இயந்திரத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிற தம்பி ஒரு ரப்பர் கட்டத்தைத் தட்டினால் அடிவயிற்றில் ‘தூம்’ என்று இறங்கும் ஒரு சத்தம் வரும். கூட்டம் உடனே எழுந்துவிடும். அந்தச் சத்தத்தின் பூர்வீகம் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனம் 1980ல் செய்த டிஆர்-808. உண்மையான டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்று அதைப் பலரும் மதிக்கவில்லை, 1983ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய விலைக்கு வந்த அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் கையில் காசு இல்லாத இளைஞர்கள். அதற்கு முன்பே, 1982ல், நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டா என்ற டிஜே ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு போட்ட மெட்டை இந்த 808 தாளத்தின் மேல் வைத்தார். ஹிப்ஹாப்புக்கு அது ஒரு பெரிய வழியைத் திறந்தது. அந்த ஹிப்ஹாப் மலேசியாவுக்குப் போய், 2006ல் யோகி பி, நட்சத்ரா குழுவாகத் தமிழில் திரும்பி வந்தது. பழைய ராஜா பாட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ராப் சொன்னார்கள். மலேசியாவில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் நம் பக்கத்தில் அதிகம் அல்லவா, அந்தப் பாட்டு எங்கள் பையன்களின் போனுக்கு வந்த வேகத்தை நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1969ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் பாட்டு ஒன்றில் கிரிகரி கோல்மன் சில வினாடிகள் தனியாக டிரம் வாசிப்பார். அந்தச் சில வினாடிகளை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்துவிட்டார்கள். அவருக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006ல் இறந்துபோனார். எல்விஸ் பிரஸ்லி 1956ல் பாடிப் பெரும் பேர் வாங்கிய ‘ஹவுண்ட் டாக்’கை அவருக்கு முன்பே பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். எல்விஸ் பேர் வாங்குவதற்கு முன்பே மின்சாரக் கிட்டாரோடு கிறிஸ்தவ தேவாலயப் பாட்டைப் பாடி ராக் இசைக்கு வழி போட்டவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். பள்ளிப் பாடத்தில் வர வேண்டிய பெயர் அது. ஜேமர்சன் பெயர் உறையில் இல்லாததும் இதே கதைதான். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நம் சினிமாவுக்குள் வந்தபோது அதைப் பாடிய கிழவியின் பெயர் டைட்டிலில் வந்ததா? பாதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய நாலு பெயரோடு நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

போக்குவரத்து ஒருவழி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965ல் ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் சிதார் வாசித்தார், பிறகு ரவிசங்கரிடம் போய்ச் சிஷ்யராக உட்கார்ந்தார். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக இருவரும் சேர்ந்து நடத்திய கச்சேரிதான், இன்று புயலுக்கும் வெள்ளத்துக்கும் நட்சத்திரங்கள் கூடிப் பாடும் நிதிக் கச்சேரிகளுக்கு முன்மாதிரி. இன்னும் நமக்குப் பக்கத்தில், நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை. கடம் என்றால் அந்த ஊர்தான் பேர்போனது. அந்த மண்பானை வாத்தியத்தை எடுத்துக்கொண்டு விக்கு விநாயக்ராம் ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிட்டார்க்காரரோடு சக்தி குழுவில் வாசித்தார். பிறகு கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்து 1991ல் வெளிவந்த இசைத்தட்டில் வாசித்தார். உலக இசைக்கென்று அமெரிக்காவின் கிராமி இசை விருதில் புதிதாக ஏற்படுத்திய பிரிவில் முதல் விருது அந்தத் தட்டுக்குத்தான் கிடைத்தது. வயிற்றில் அணைத்து விரலால் தட்டுகிற பானை அமெரிக்க ராக்காரர்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

சரி, எதிலிருந்து கேட்பது? முதலில் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் வராது, நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதி காணாமல் போய்விடும். நூறு இருநூறு ரூபாய் இயர்போன் போதும். மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ 1971ல் வந்தது, ஜேமர்சன் பெயர் அச்சான தட்டு அதுதான். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை பாடகரை விட்டுவிட்டு, அடியில் நடந்து போகிற அந்த ஒற்றை விரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அதே கையோடு பீட்டில்ஸின் ‘சம்திங்’. மெக்கார்ட்னியின் பேஸ் ஹாரிசன் பாடுகிற மெட்டுக்கு எதிரே எப்படித் தனியாக ஒரு பாதை போடுகிறது என்று பாருங்கள். மூன்றாவதாக ‘இளைய நிலா பொழிகிறதே’. எல்லாரும் அதில் கிட்டாரைத்தான் கேட்பார்கள், நீங்கள் அதற்கும் கீழே இறங்கிக் கேளுங்கள். இந்த மூன்றையும் ஒரே ராத்திரியில் கேட்டால் நான் எழுதியதை நீங்களே எனக்குத் திருப்பிச் சொல்வீர்கள்.

அடுத்த பங்குனியில் மீனாட்சிபுரம் வந்தால் முன் வரிசையில் நடுவில் உட்கார வேண்டாம். மேடையின் வலது ஓரம், டிரம் பக்கம் வாருங்கள். அங்கேதான் என் பாக்ஸ் இருக்கும்.